முதலில் பார்த்தவள்

நூக்
21 ஏப்ரல் 1996

தம்பி மனாசேவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன் என்று போனில் சொன்னேன். அங்கே காற்று எந்தப் பக்கம் என்று கேட்டாய். சொன்னேன். பேச்சு முடிந்தது. உன்னோடு போனில் பேசுவது, கதவைத் தட்டிவிட்டு வெளியிலேயே நிற்பது மாதிரி. அதனால் எழுதுகிறேன்.

சித்தி மகள் காத்ரீனா நேற்றுக் கூப்பிட்டாள். அவள் வீட்டுச் சமாச்சாரம், பிள்ளைகள், பல்வலி. நடுவில் போகிறபோக்கில் சொன்னாள், வேட்டை ஆபீஸில் கரடியை நீ உன் பெயரில் பதிந்துவிட்டாயாம். அவளுக்கு அது ஒரு செய்தியே இல்லை. அதற்குப் பிறகு அவள் பேசிய எதுவும் எனக்குக் கேட்கவில்லை.

யார் முதலில் பார்த்துச் சொல்கிறாரோ அவருடையது கரடி. நம் ஊரில் இதைப் புதிதாக யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. தாயின் முதுகில் இருக்கும் குழந்தை பார்த்துக் கை நீட்டினாலும் கரடி அந்தக் குழந்தையுடையது. சுட்டவன் வெறும் கை. தோல் பார்த்தவருக்கு, பங்கு போடும் உரிமையும் பார்த்தவருக்கு.

நான் பார்த்தேன். நீயும் நானும் கடற்கரைச் சரிவை ஒட்டி நாய்வண்டியில் போய்க்கொண்டிருந்தோம். சரிவின் வெள்ளையில் கொஞ்சம் மஞ்சள். உன் தோளைத் தொட்டு, "அதோ" என்றேன். நீ சிறிது நேரம் அசையவே இல்லை. எனக்குப் பிறகுதான் உனக்குத் தெரிந்தது என்பதற்கு அதுவே சாட்சி.

இந்தத் தலைநகர் ஆஸ்பத்திரி வேலைக்கு வந்ததிலிருந்து, இருபது வருஷத்துக்கு மேல், நான் ஊரில் இல்லை. ஈஸ்டருக்கு வரும்போதெல்லாம் அந்த வேட்டைக்காரன் யோகும் என்ன சொல்வான், உனக்குத் தெரியும். "நூக் சீமாட்டி வந்தாச்சு. வழுக்கி விழுந்துடப் போறாங்க, ரெண்டு பேர் பிடிச்சுக்குங்கடா." இந்த முறை, என் முதல் கரடிக்காக வைத்த காபி விருந்தில், அவனே எழுந்து தன் நாற்காலியைத் தந்தான். "உக்காரு, வேட்டைக்காரி." யாரும் சிரிக்கவில்லை. அது கிண்டல் இல்லை என்று எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது.

அந்த நாற்காலியில் இப்போது நீ உட்கார்ந்திருக்கிறாய்.

பதில் எழுது. காற்றைப் பற்றி வேண்டாம்.

அக்கா
பொலெத்தே


இட்டோக்கோர்ட்டூர்மீட்
6 மே 1996

அக்காவுக்கு,

மூடுபனி. ஹெலிகாப்டர் வரவில்லை. உன் கடிதம் இன்றுதான் கிடைத்தது.

கரடி வேட்டைக்கு உரிமம் என்னிடம் இருக்கிறது. உன்னிடம் இல்லை. ஆபீஸ் தாளில் சுட்டவன் பெயரைத்தான் கேட்கிறார்கள். எழுதினேன். அவ்வளவுதான்.

ஊரில் அதை இன்னும் உன் கரடி என்றுதான் சொல்கிறார்கள். இறைச்சியைப் பங்கு போட்டதும் நீதான்.

கடல்மேல் உறைந்த வெளிப்பனியில் கரடித் தடம் பார்த்தேன். ஒரு பெண், அதன் பின்னால் ஒரு பெரிய ஆண். இது அவை இணைசேரும் காலம். ஆண் நாள்கணக்கில் பின்தொடரும், சாப்பிடாது. ஓரிடத்தில் இரண்டும் சுற்றிச் சுற்றி நடந்து பனியை மிதித்துத் தரையாக்கியிருந்தன. நான் பின்தொடரவில்லை. திரும்பிவிட்டேன்.

களைப்பாக இருக்கிறது. வேறு ஒன்றுமில்லை. வீட்டுக்காரி ஆனே உன்னை விசாரித்தாள்.

மனாசே


நூக்
19 மே 1996

மனாசே,

கடையில் மாவு அளப்பது மாதிரி எழுதுகிறாய். ஒரு துளி கூடிவிடக் கூடாது.

காத்ரீனாவை நானே கூப்பிட்டுக் கேட்டேன். உன் வீட்டுப் பின்னால் மரச்சட்டத்தில் தோல் இல்லையாம். ஆனே அதைச் சுரண்டவும் இல்லை, துவைக்கவும் இல்லையாம். அப்படியானால் தோல் எங்கே? விற்றுவிட்டாயா?

இன்னொன்றும் சொன்னாள். உன் நாய்கள் கட்டியே கிடக்கின்றனவாம். மே மாதத்தில் எந்த வேட்டைக்காரன் வீட்டில் தூங்குகிறான்? சீல்கள் கடலிலிருந்து பனிமேல் ஏறி வெயில் காயும் மாதம். நீ ஜன்னலோரம் உட்கார்ந்து வலை பின்னுகிறாயாம். ஏற்கெனவே பின்னிய வலையை.

இங்கே வார்டில் நம் கிழக்குக் கரையிலிருந்து ஒரு பெண் வந்திருக்கிறாள். பிரசவத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. ஊரில் டாக்டர் இல்லை என்று முன்னதாகவே அனுப்பிவிட்டார்கள். எல்லோரையும் அப்படித்தான் அனுப்புகிறார்கள். நாள் முழுக்கப் படுக்கையில் உட்கார்ந்து கார்கள் போவதைப் பார்க்கிறாள். சாப்பிடுவதில்லை. பேசுவதில்லை. என்ன வேண்டும் என்று கேட்டேன். "ஒண்ணும் வேணாம். நீங்க நம்ம பேச்சுல ஏதாவது பேசிட்டே இருங்க, போதும்" என்றாள். உன்னிடமும் எனக்கு அவ்வளவுதான் வேண்டியிருக்கிறது.

என்ன நடந்தது?

பொலெத்தே


இட்டோக்கோர்ட்டூர்மீட்
2 ஜூன் 1996

அக்காவுக்கு,

எழுதி எழுதிக் கிழித்தேன். "எழுதுறதா இருந்தா எழுது, இல்லன்னா மேசைய விடு, எனக்குத் தைக்கிற வேலை கிடக்கு" என்று ஆனே சொல்லிவிட்டாள்.

நீ தோளைத் தொட்டதும் நானும் பார்த்தேன். தலை சிறியது, கழுத்து நீளம். பெண். மெலிந்திருந்தது. சுற்றிலும் ஒற்றைத் தடம். தனியாகத் திரியும் பெண்ணைச் சுடலாம். குட்டியோடு இருப்பதைத்தான் சுடக் கூடாது.

ஆனாலும் தயங்கினேன். அந்தச் சரிவினால். காற்று பனியைக் கொண்டுவந்து ஆளுயரத்துக்கு மேல் குவிக்கும் இடம் அது. அந்த மாதிரி இடத்தில்தான் அவை குழி தோண்டிக் குட்டி போடும். மார்ச் கடைசியில்தான் வாசலை உடைத்து வெளியே வரும். தாய் முதலில் தனியாக வரும். குட்டிகளை உள்ளேயே விட்டுவிட்டுக் கொஞ்சம் நடந்து பார்க்கும். அப்போது ஒற்றைத் தடம்தான் இருக்கும்.

விட்டுவிடலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். திரும்பி உன் முகத்தைப் பார்த்தேன்.

தன்னை உனக்குக் காட்டிய கரடி. அதை வேண்டாம் என்று சொன்னால் உன்னை வேண்டாம் என்று சொன்ன மாதிரி. பார்த்தவர் சொல்லிவிட்டால் கூட இருப்பவன் யோசிக்கக் கூடாது, நம் ஊரில் அப்படித்தான். அதுவும் உன் முதல் கரடி. கரடியை மறிக்க நாய்களை அவிழ்த்துவிட்டேன்.

தோல் உரிக்கும்போது உன்னைக் கூடாரத்துக்கு அனுப்பினேன். குளிர்கிறது, டீ போடு என்றேன். எனக்குக் குளிரவில்லை. வயிற்றுப் பக்கம் கத்தி போனபோது கையில் வெதுவெதுப்பாக ஏதோ வழிந்தது. ரத்தம் இல்லை. பால். கெட்டியாக, மீன் நெய் வாசனையோடு. பனியை அள்ளிக் கையைத் துடைத்தேன். நீ கெட்டிலோடு வந்தாய். சிரித்துக்கொண்டே வந்தாய்.

மறுநாள் நீ விருந்துக்குக் கேக் செய்துகொண்டிருந்தாய். வலை பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனேன். அதன் தடத்தைப் பிடித்து, வந்த வழியே பின்னோக்கி நடந்தேன். ஓரிடத்தில் அது பனியைத் தோண்டி அடியிலிருந்த பாசியைத் தின்றிருந்தது. அக்டோபரிலிருந்து வாயில் எதுவும் வைக்காத உடம்பு. பட்டினியிலேயே பெற்று, பட்டினியிலேயே பால் கொடுத்த உடம்பு. அது பாசியோடு தொடங்கியிருந்தது.

வாசல் என் தோள் அகலம். ஊர்ந்து போனேன். வழி மேல்நோக்கிப் போனது, பிறகு ஓர் அறை. சுவர்கள் அதன் மூச்சில் உருகி மறுபடி உறைந்து கண்ணாடி மாதிரி இருந்தன. நகக் கீறல்கள். கூரை வழியாக நீல வெளிச்சம். நாற்றமே இல்லை. யாரும் சாப்பிடாத வீடு.

இரண்டு குட்டிகள். ஓடி ஒளியவில்லை. என்னிடம் வந்தன. நான் போட்டிருந்தது கரடித்தோல் காற்சட்டை. கையில் அதன் கொழுப்பு இன்னும் போகவில்லை. ஒன்று என் முழங்கை மடிப்பில் மூக்கை நுழைத்துத் தேடியது. தேடிக்கொண்டே ஒரு சத்தம் போட்டது, தூரத்தில் படகு எஞ்சின் ஓடுவது மாதிரி. பால் குடிக்கும்போது போடும் சத்தம்.

அந்த வயதில் தாய் இல்லாமல் அவற்றுக்கு வழியில்லை. சீலின் மூச்சுத்துளை எங்கே இருக்கிறது, அங்கே எப்படி அசையாமல் கிடப்பது, எல்லாம் தாயின் பின்னால் நடந்துதான் தெரிய வேண்டும். இரண்டு குளிர்காலம் அப்படி நடக்கும். ஊருக்குக் கொண்டுவரலாமா என்று யோசித்தேன். அன்றைக்கு உன் விருந்து.

அங்கே நான் செய்ததை எழுத மாட்டேன். வாசலைப் பனியால் அடைத்துவிட்டு வந்தேன்.

நான் உள்ளே நுழைந்தபோது யோகும் உனக்கு நாற்காலி தந்துகொண்டிருந்தான். நீ என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாய். கை கழுவ வேண்டும் என்றேன்.

உன் ஹெலிகாப்டர் கிளம்பியதும் ஆபீஸுக்குப் போய்ச் சொன்னேன். நான் பார்த்தேன், நான் சுட்டேன், என் கரடி, அதற்குக் குட்டிகள் இருந்தன என்று. தோலை எடுத்துக்கொண்டார்கள். வேட்டை உரிமம் முழுவதையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள், இனி சீலுக்குக்கூடப் போக முடியாது. ஒரு வருஷம் என்கிறார்கள், முடிவாகவில்லை. ஆபீசர் தெற்கிலிருந்து வந்தவர், வெளியே பேசுவதில்லை. ஆனேவைத் தவிர யாருக்கும் தெரியாது.

பால் வழிந்த கரடியை உன் பெயரில் எழுத எனக்குக் கை வரவில்லை.

மனாசே


நூக்
17 ஜூன் 1996

மனாசே,

என்னை டீ போட அனுப்பினாய்.

பால் கட்டி அழும் பெண்களுக்கு நாளெல்லாம் வெந்நீர்த் துணி பிழிந்து கொடுக்கிறவள் நான். என்னைப் பாலைப் பார்க்க விடாமல் டீ போட அனுப்பினாய்.

அந்த விருந்தில் வீடு வீடாக இறைச்சி கொடுத்தனுப்பினேன். காத்ரீனாவுக்குத் தொடை, யோகுமுக்கு விலா. நன்றாக வேகவையுங்கள் என்று பெரிய மனுஷி மாதிரி சொல்லி அனுப்பினேன். எல்லாவற்றையும் நீ கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாய்.

உன்மேல் கோபப்பட உட்கார்ந்தேன். அந்தக் குட்டிகளுக்காகவும் சேர்த்துக் கோபப்பட நினைத்தேன். வரவில்லை. இரவு ஷிப்ட் முடிந்து வந்து கோட்டைக் கழற்றாமல் அப்படியே இருந்தேன். தயங்கினேன் என்கிறாய். நீ தயங்கியதைத்தான் நான் என் வெற்றிக்குச் சாட்சி என்று உனக்கே எழுதினேன்.

ஒன்று மட்டும் தெளிவாக இருக்கிறது. கரடி பார்த்தவளுடையது என்றால் முழுதும் அவளுடையது. தோல் அவளுக்கு, பால் உனக்கு என்று பிரிக்க உன்னை யார் கேட்டார்கள்? அந்தக் குழிக்குள் நீ தனியாகப் போயிருக்கக் கூடாது. என்னைக் கூட்டிக்கொண்டு போயிருக்க வேண்டும்.

ஆபீஸுக்கு எழுதிவிட்டேன். நான்தான் முதலில் பார்த்தேன், நான் சொன்னதற்காகத்தான் அவன் சுட்டான், அது என் கரடி, தண்டனையும் என்னுடையது என்று. தபாலில் போட்டாயிற்று.

பொலெத்தே


இட்டோக்கோர்ட்டூர்மீட்
28 ஜூலை 1996

அக்காவுக்கு,

உன் கடிதத்தை ஆபீசர் எனக்கு வாசித்துக் காட்டினார். நன்றாக எழுதியிருக்கிறாய். எழுதாமல் இருந்திருக்கலாம்.

அவர் ஊர்ப் பக்கம் சுட்டவன்தான் கரடிக்காரனாம். பார்த்ததால் கரடி சொந்தமாவது அவருக்குப் புரியவே இல்லை. யோகுமையும் கூப்பிட்டுக் கேட்டார். அவன் நம் வழக்கத்தைச் சொன்னான். உடனே விஷயம் இன்னும் மோசமானது. கரடி உன்னுடையது என்றால், உரிமம் இல்லாத ஆளுக்காக நான் சுட்டிருக்கிறேன். அதை மறைத்துப் பொய்யும் எழுதியிருக்கிறேன். அப்படியானால் ஒரு வருஷத்தோடு போகாது. உரிமம் இனி எப்போதும் இல்லை.

"ரெண்டு பேர்ல யாரோ ஒருத்தர் பொய் சொல்றீங்க. யாருன்னு நீங்களே பேசி முடிவு பண்ணுங்க" என்றார். கெட்ட மனுஷன் இல்லை. அவருக்கும் களைப்பு.

நீ வேறொரு தாள் எழுதித் தர வேண்டுமாம். கூடாரத்தில் இருந்தேன், கரடியைப் பார்க்கவில்லை, முதல் கடிதம் தவறாக எழுதியது என்று. செப்டம்பர் வரை காத்திருப்பார். நான் உன்னைக் கேட்கவில்லை. அவர் சொன்னதை எழுதுகிறேன்.

இப்போது ஊருக்கே தெரியும். "நாங்கல்லாம் கரடிக்குச் சண்டை போடுவோம். அக்காவும் தம்பியும் தண்டனைக்குச் சண்டை போடுறாங்க" என்று யோகும் கடை வாசலில் சொன்னான். சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சாயங்காலம் அவனே நாய்களுக்கு ஒரு சீல் கொண்டுவந்து போட்டான். நன்றி சொல்லத் தலையை நிமிர்த்த முடியவில்லை.

தீனி போட முடியாமல் இரண்டு நாய்களைக் குறைத்துவிட்டேன். சரக்குக் கப்பல் வந்திருக்கிறது. மூட்டை இறக்கப் போகிறேன்.

எனக்கு வேறு தொழில் தெரியாது, அக்கா.

மனாசே


நூக்
8 செப்டம்பர் 1996

தம்பிக்கு,

இத்தனை நாள் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் கோபம் இல்லை. மேசைமேல் ஒரு வெள்ளைத் தாள் கிடந்தது. அதைத் தள்ளி வைத்துச் சாப்பிட்டேன், மறுபடி இழுத்து வைத்தேன்.

நூலகத்தில் கரடியைப் பற்றி ஒரு புத்தகம் எடுத்தேன். நீ மே மாதம் தடம் பார்த்தாயே, அந்தப் பெண்ணின் வயிற்றில் அப்போதே கரு தங்கியிருக்குமாம். ஆனால் வளராதாம். கோடை முழுக்க ஒரு புள்ளியாகச் சும்மா கிடக்கும். குளிர் தொடங்கும்போது உடம்பில் கொழுப்புப் போதுமென்றால் வளரும். போதாவிட்டால் உடம்பே அதைக் கரைத்துக்கொள்ளும். வெளியே ஒன்றும் தெரியாது. பிறக்கும்போது அரைக் கிலோகூட இருக்காதாம். கண் திறக்காது, காது கேட்காது. இங்கே அப்படிப் பிறந்தால் கண்ணாடிப் பெட்டியில் வைத்து நாலு பேர் காவல் நிற்போம். அது இருட்டில், பனிக்கு அடியில், தாயின் நெஞ்சு ரோமத்துக்குள் கிடக்கிறது. கூட வேலை செய்யும் மெட்டேயிடம் கரு காத்திருக்கும் கதையைச் சொன்னேன். "நமக்கும் இப்படி ஒரு வசதி இருந்தா நம்ம பாதிப் பேருக்கு வேலை போயிடும்" என்றாள்.

நான் பொய் எழுத அஞ்சுகிறவள் இல்லை. வேலைக்குச் சேரும்போது வயதையே மாற்றி எழுதினேன். இது வேறு மாதிரி இருந்தது. ஊரை விட்டுப் போன பிறகு அந்த ஊர் எனக்கு ஒரே ஒரு பொருள்தான் தந்தது. அது தோலும் இல்லை, இறைச்சியும் இல்லை. நான் பார்த்தேன் என்பது மட்டும்தான். ஒரு சரிவு, அதில் கொஞ்சம் மஞ்சள்.

நேற்று எழுதினேன். நான் கூடாரத்தில் இருந்தேன். கரடியைப் பார்க்கவில்லை. கையெழுத்துப் போட்டு, உறையை ஒட்டி, தபால் பெட்டி வரை நடந்துபோய்ப் போட்டேன். மழை.

ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. போட்டுவிட்டு வந்து கண்ணை மூடினால் சரிவு தெரியவில்லை. கூடாரத் துணிதான் தெரிகிறது. கெட்டில் கொதிக்கிறது. வெளியே நீ ஏதோ செய்துகொண்டிருக்கிறாய்.

யோகும் இனி எனக்கு நாற்காலி தர வேண்டாம்.

அக்கா


இட்டோக்கோர்ட்டூர்மீட்
27 அக்டோபர் 1996

அக்காவுக்கு,

ஆபீஸிலிருந்து தாள் வந்துவிட்டது. உரிமம் ஏப்ரலில் திரும்பக் கிடைக்கும். உன் இரண்டு வரியைக் கோப்பில் வைத்துக்கொண்டார்கள். ஆபீசர் என் கையைக் குலுக்கினார். நான் காற்றைப் பற்றிப் பேசினேன்.

சென்ற வாரம் யோகும் என்னைக் கூட அழைத்துப் போனான். அவன் வண்டி, அவன் துப்பாக்கி. நான் சும்மா கூட. பகல் சுருங்கிவிட்டது. வெளிக்கடலில் பனி பிடிக்கத் தொடங்கியிருக்கிறது. வண்டியை நிறுத்திவிட்டு அவன் நாய்களின் பட்டையைச் சரி செய்துகொண்டிருந்தான், முதுகு மலைப் பக்கம்.

சரிவில் அது ஏறிக்கொண்டிருந்தது. நம் சரிவு இல்லை, அடுத்த மடிப்பு. பெண். இவ்வளவு கொழுத்த கரடியை நான் பார்த்து வெகு நாளாகிறது. நாலு எட்டு வைப்பதும் நிற்பதுமாகப் போனது. பிருஷ்டம் குலுங்கியது. பனி மேட்டில் ஓரிடத்தில் காலால் தட்டிப் பார்த்தது, பிடிக்கவில்லை. இன்னொரு இடம். அங்கே தோண்டத் தொடங்கியது. பனி அதன் பின்னங்கால்களுக்கு இடையே வந்து விழுந்தது. உன் புத்தகம் சொன்னபடி அந்தப் புள்ளி இப்போதுதான் வளரப் போகிறது என்று நினைத்துக்கொண்டேன். ஒருவேளை நான் மே மாதம் தடம் பார்த்த அதே பெண். இல்லாமலும் இருக்கலாம்.

தனியாக இருக்கும் பெண். யோகும் சுடலாம். அவனுக்கு உரிமம் இருக்கிறது, சட்டத்தில் தடையில்லை. அவன் வீட்டிலும் இறைச்சி குறைவுதான். என் நாய்கள் அவன் இறைச்சியைத்தான் தின்கின்றன. நான் ஒரு சொல் சொன்னால் போதும். கரடி என்னுடையது, பங்கு போடுவது நான், அவன் கை மட்டும்.

"என்னடா அங்க? கரடியப் பாத்தவன் மாதிரி நிக்கிற" என்றான், திரும்பாமலே.

"உரிமம் இல்லாதவனுக்கு எந்தக் கரடி காட்சி குடுக்கும்" என்றேன்.

சிரித்தான். பட்டையை இறுக்கி முடித்தான். நான் அவனுக்கும் மலைக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டேன், எதையோ தேடுகிற மாதிரி. நாய்களுக்கு வாடை போகவில்லை. காற்று கடலிலிருந்து மலையை நோக்கி அடித்தது. காற்றைப் பற்றி எழுதாதே என்றாய். இதற்கு எழுதித்தான் ஆக வேண்டும்.

கிளம்பும்போது ஒரு முறை பார்த்தேன். பாதி உடம்பு உள்ளே போயிருந்தது. இதற்குள் பனி பெய்து வாசல் மூடியிருக்கும். டிசம்பரில் உள்ளே குட்டிகள் பிறக்கும். மார்ச் கடைசியில் ஒற்றைத் தடம் வெளியே வரும்.

இதை யாரிடமும் சொல்லவில்லை, ஆனேவிடமும். இப்போது உன்னிடம் சொல்லிவிட்டேன்.

ஈஸ்டருக்கு வருவாயா என்று ஆனே கேட்கிறாள். வா. யோகும் எதை வேண்டுமானாலும் சொல்லட்டும். நாய்வண்டியில் உன்னைக் கூட்டிப் போகிறேன். அந்தச் சரிவைக் கடக்கும்போது மட்டும் நீ கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். நான் பார்த்தால் பேசாமல் இருந்துவிடுவேன். ஆனால் உனக்குத்தான் முதலில் தெரியும்.

மனாசே